ஐஸ் கொட்டகைக் கதவில் பதினொன்று

என் அருமை வாயாடிக்கு,

உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. இந்த வீட்டில் எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், அங்கே நீயும் உடம்புக்கு ஒன்றும் வராமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே பேனாவைத் திறந்தேன். நீ செய்து அனுப்பிய பல்செட் அருமையாகப் பொருந்திவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு படகுத்துறையில் போய் நின்று சிரித்தேன், பாதிப் பேருக்கு என்னை அடையாளமே தெரியவில்லை, மீதிப் பேர் யாரோ அதிகாரி சோதனைக்கு வந்திருக்கிறார் என்று சிகரெட்டை மறைத்தார்கள். பல் அச்சு வார்க்கிற இடத்தில் பொடி பறக்கும் என்று சொன்னாயே, மூக்குக்குத் துணி கட்டாமல் உட்காராதே, நம் குடும்பத்து நெஞ்சு சளி பிடிக்கிற நெஞ்சு. அடுத்த மாதம் இருபதாம் தேதி பதிவு அலுவலகத்தில் கல்யாணக் கையெழுத்துப் போடப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னார், கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை, எதிரில் வந்தவர்களிடமெல்லாம் மாப்பிள்ளை ஆறடி என்று சொல்லிவிட்டேன், ஐந்தரை இருந்தாலும் பரவாயில்லை. கூடவே இன்னொன்றும் சொன்னார். அப்பா வர வேண்டாம், வந்தால் கையெழுத்துப் போடாமல் எழுந்து போய்விடுவேன் என்று நீ சொன்னாயாம். அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான், ஆனால் போனில் பேசினால் எனக்குக் கதை தானாக வளர்ந்துவிடும், நீயும் பாதியில் சிரித்துவிடுவாய் அல்லது வைத்துவிடுவாய். எழுதினால் கூடுதலாக வந்ததை அடித்துவிடலாம். ஏழாவது வரைதான் படித்தேன் என்றாலும் அந்த ஏழு வருடமும் கட்டுரையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது, வாத்தியாரே என் கட்டுரையை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் மனைவிக்குப் படித்துக் காட்டுவார். அது கிடக்கட்டும்.

முதலில் ஏரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உனக்குப் பிடிபடாது, நீ பள்ளிக்கூடம், பட்டணம் என்று சின்ன வயதிலேயே கரையை விட்டுப் போனவள். கோடை தொடங்கிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. மேல் தண்ணீர் இப்போதே குளிப்பதற்குக் காய்ச்சி வைத்த மாதிரி இருக்கிறது, ஆனால் கீழே இன்னும் குளிர்காலம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. சூடு முடிந்து குளிர் தொடங்குகிற இடம் ஒன்று நடுவில் இருக்கிறது, கத்தியால் கீறின மாதிரி. மேலே இருந்தால் சூடு தாங்காது, அடியில் போனால் மூச்சு முட்டும், அதனால் கோடைத் தொடக்கத்தில் மீனெல்லாம் அந்தக் கோட்டை ஒட்டியே, மழைக்குக் கடை வாசலில் ஒதுங்கின கூட்டம் மாதிரி நெருக்கியடித்து நிற்கும். வலை அந்த ஆழத்தில் தொங்கினால் படகு நிறையும், ஒரு பாகம் தப்பினால் பாசியைத்தான் கொண்டுவரலாம். பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம், உன் மாமா உன்னைக் கயிறு மாதிரி அளந்து அரை பாகம் தேறுவாள் என்று கேலி செய்வானே, அதுதான். இந்தக் கோடு ஒரே இடத்தில் நிற்கிற சாதுவும் அல்ல. காற்று இரண்டு நாள் நம் கரையைப் பார்த்து அடித்தால் சூட்டுத் தண்ணீரெல்லாம் இந்தப் பக்கம் குவிந்து கோடு கீழே இறங்கிவிடும், காற்று நின்றதும் ஊஞ்சல் திரும்புகிற மாதிரி ஒரே நாளில் மேலே ஏறிவிடும். நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது. இந்த வருடம் நிலைமை இன்னும் மோசம். மூன்று நாளாக இலை அசையவில்லை, தண்ணீர் பச்சைப் பெயின்ட் கொட்டின மாதிரி இருக்கிறது, கரையோரம் விரல் நீளக் குஞ்சுகள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு ஒதுங்கிக் கிடக்கின்றன, படகை இறக்கும்போது அவற்றை மிதித்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. ஐஸ் கொட்டகையில் ஐஸ் பாதி சும்மா உருகி ஓடுகிறது, போட்டு வைக்க மீன் இல்லை.

அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்கிறவன் இந்தத் துறையில் நான் ஒருவன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன். அடியில் ஈயம் கட்டின கண்ணாடி பாட்டில், வாயில் தக்கை, தக்கைக்குத் தனியாக ஒரு நூல். விடியும்போது தனியாகப் படகில் போய் பாகம் பாகமாக இறக்கி, நூலைச் சுண்டித் தக்கையைப் பிடுங்கி, தண்ணீர் நிறைந்ததும் மேலே இழுத்து மணிக்கட்டின் உள்பக்கம் ஊற்றிப் பார்ப்பேன். முன்பு வாயில் ஊற்றிப் பார்ப்பதுதான் வழக்கம், குளிர் வந்தால் பல் கூசிச் சொல்லிவிடும், பல் போன பிறகு மணிக்கட்டு. கரைக்கு வந்து உன் அப்பாவிடம் எண்ணைச் சொல்வேன், உன் அப்பா அதை ஐஸ் கொட்டகைக் கதவில் சுண்ணாம்புக் கட்டியால் பெரிதாக எழுதுவார், அவர் கையெழுத்துதான் அச்சு மாதிரி இருக்கும். இருபத்தேழு படகும் அந்தக் கதவைப் பார்த்துத்தான் மிதவைக்கும் வலைக்கும் நடுவில் அத்தனை பாகம் கயிறு விட்டுக் கட்டும். ஒருமுறை ஏரியை அளக்கிற அதிகாரி கருவியெல்லாம் கொண்டு வந்து மூன்று மணி நேரம் தண்ணீரில் கிடந்தார், கடைசியில் நான் காலையில் சொன்ன எண்தான் வந்தது, மனிதர் என் காலில் விழக் குனிந்துவிட்டார் என்று உனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அவர் செருப்பைத் தேடித்தான் குனிந்தார். எண் சரியாக வந்தது மட்டும் உண்மை.

இப்போது போன வருடக் கோடையின் அந்தக் காலையைச் சொல்கிறேன். நீ உன் மாமாவைப் புதைக்க வந்தபோது கேட்ட கதை வேறு, நடந்தது வேறு. அதற்கு முந்தின நாள் கோடு ஒன்பதில் இருந்தது, கதவிலும் ஒன்பது என்றுதான் இருந்தது, மீனும் வந்தது. அன்று மாலை காற்று நின்றுவிட்டது. மறுநாள் விடிந்தபோது நான் போகவில்லை. நூற்று நாலு டிகிரி காய்ச்சல், பிதற்றிக்கொண்டு கிடந்தேன், வைத்தியர் கையை விரித்துவிட்டார் என்றெல்லாம் பிறகு நான் சொன்னதை மறந்துவிடு. எனக்குக் காய்ச்சல் இல்லை. தலைவலிகூட இல்லை. படுக்கை சுகமாக இருந்தது, காற்று இல்லாத காலை, ஒரு நாள் போகாவிட்டால் என்ன என்று போர்வைக்குள் கிடந்தேன். உன் அப்பா வாசலில் வந்து நின்று, "போயிட்டு வந்துட்டியா, எத்தனை?" என்று கேட்டார். "அப்பவே வந்துட்டேன்" என்றேன். ஒன்பது என்றே சொல்லியிருக்கலாம். ஆனால் நேற்றைய எண்ணையே சொன்னால் இவன் போகவில்லை என்று கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயம், அதனால் போர்வைக்குள் இருந்தபடியே அதில் இரண்டைச் சேர்த்துப் பதினொன்று என்றேன். சேர்த்ததோடு நிற்கவில்லை, "கோடு நல்லா இறங்கியிருக்கு, தண்ணி பல்லைப் பிடுங்குது" என்று வேறு சொன்னேன். அவர் போய்ப் பதினொன்று என்று எழுதினார்.

இரண்டு பாகத்தில் என்ன ஆகிவிடும் என்று உனக்குத் தோன்றும். ஏரியின் கிழக்கு மூலையில் தண்ணீருக்கு அடியில் ஒரு தோப்பு இருக்கிறது. ஏரி பெரிதாவதற்கு முன்பு கரையாக இருந்த இடம், மரமெல்லாம் செத்தும் விழாமல் நின்றுகொண்டிருக்கிறது. அவற்றின் தலை பன்னிரண்டு பாகத்தில் இருக்கும். வலையின் உயரம் இரண்டு பாகம். ஒன்பது கட்டினால் வலையின் அடி பதினொன்றில் நிற்கும், மரத்தைத் தொடாது. பதினொன்று கட்டினால் அடி பதின்மூன்றுக்குப் போகும். இந்தக் கணக்கைப் போர்வைக்குள் கிடந்தபோது போடவில்லை, அதன் பிறகு எத்தனை தடவை போட்டேன் என்று கேட்காதே. அந்தத் தோப்புக்கு மேல் வலை போடுகிறவன் உன் மாமா ஒருவன்தான், அங்கேதான் பெரிய கெண்டை நிற்கும் என்பான், அது உண்மையும்கூட. அன்று அவன் வலை கிழிந்திருந்தது, உன் அப்பாவின் புது வலையை வாங்கிக்கொண்டு போனான். வாங்கும்போது உன் அப்பா, "மாப்ளே, வலையோட வா. இல்லேன்னா அங்கயே இருந்துக்கோ" என்றார். அவன் சும்மா இருப்பானா, "அக்காகிட்டயே ஒப்படைக்கிறேன் அத்தான், நீங்க உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணா எண்ணி வாங்கிக்கோங்க" என்றான். உன் அம்மா சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்தபடி ரெண்டு பேரையும் திட்டிச் சிரித்தார். தினமும் நடக்கிற கூத்துதான், இருபது வருடமாக அந்த இரண்டு பேரும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

கோடையில் உச்சி வெயிலுக்குப் பிறகு ஏரியில் காற்று பிடித்துக்கொள்ளும், அதற்குள் எல்லாப் படகும் கரைக்கு வந்துவிட வேண்டும், அது இந்தத் துறையில் எழுதாத சட்டம். அன்று யாருக்கும் மீன் இல்லை, கோடு உண்மையில் ஐந்துக்கு ஏறியிருந்தது, இருபத்தேழு வலையும் மீனே இல்லாத இருட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. எல்லோரும் என்னைத் திட்டிக்கொண்டே திரும்பிவிட்டார்கள். உன் மாமாவின் வலை மட்டும் மரத்தில் மாட்டிக்கொண்டது. அடுத்த படகில் இருந்த நெட்டையன் திரும்பும்போது பக்கத்தில் போய், அறுத்துவிட்டு வா என்று கத்தியிருக்கிறான். "அத்தான் வலைப்பா, எடுத்துட்டு வந்துடறேன், நீ போ" என்று சொன்னானாம். காற்று வந்தபோது அவன் படகு வலையோடு கட்டுண்டு பக்கவாட்டில் நின்றிருக்கிறது, அலைக்கு மூக்கைக் காட்டினால் எந்தப் படகும் தாங்கும், பக்கத்தைக் காட்டினால் தாங்காது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது படகு கவிழ்ந்து அதே இடத்தில் கிடந்தது, வலை அதை நகர விடவில்லை. அவன் கை கயிற்றில் சுற்றியிருந்தது. இடுப்பில் கத்தி இருந்தது, உறையை விட்டு எடுக்கவே இல்லை. இதில் நான் ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை.

அவனைத் தூக்கிக்கொண்டு வந்து படுக்க வைத்துவிட்டு உன் அப்பா நேராக என் அறைக்கு வந்தார். ஆணியில் தொங்கின பாட்டில் கயிற்றைக் கையால் பிடித்துப் பார்த்தார். எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தது. என்னைப் பார்த்தார். கயிற்றை மறுபடி ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போனார். மறுநாள் கொட்டகையில் எல்லோரும் கூடி, இந்தப் பதினொன்று எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "தம்பி அன்னைக்குப் போகல. எழுதினது நான்தான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. தண்ணீரைத் தொடாமல் தன் இஷ்டத்துக்கு ஓர் எண்ணைக் கிறுக்கி மச்சினனைக் கொன்றுவிட்டார் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நீ வந்திறங்கினதும் ஐஸ்காரர் உன்னிடம் அதைத்தான் சொன்னார். நீ கொட்டகைக்குள் போய், "நீங்க எழுதினதாப்பா?" என்று கேட்டாய், அவர், "நான் எழுதினதுதான்மா" என்றார். உனக்குக் குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஐந்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஊரெல்லாம் அளக்கிற இந்த வாயில் அன்று அந்த ஒரு வார்த்தை வரவில்லை. நீ தண்ணீரை வாங்காமலே பஸ் ஏறிப் போனாய்.

அதன் பிறகு இங்கே நடந்தது உனக்குத் தெரியாது, உன் அம்மா போனில் சொல்லவும் மாட்டார். இந்த ஒரு வருடமாக உன் அம்மா உன் அப்பாவோடு பேசவில்லை. தட்டை வைப்பார், போய்விடுவார். உன் அப்பா படகில் ஏறுவதில்லை, வலைக் கொட்டகையில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு மற்றவர்கள் வலையில் பாசி எடுக்கிறார், வலையைக் கொண்டுவந்து காலடியில் போட்டுவிட்டுப் போகிறார்களே தவிர யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் உனக்குப் போன் போடுவார், நீ எடுக்க மாட்டாய், மணி அடித்து முடிகிற வரை காதில் வைத்திருந்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். போன வாரம் தையல்காரர் என்னைக் கூப்பிட்டு, "உங்க அண்ணன் வெள்ளைச் சட்டைக்கு அளவு கொடுத்திருக்காரு, என்ன விசேஷம்னா சும்மான்னு சொல்றாரு" என்றார். வர வேண்டாம் என்று நீ சொன்னது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் தைக்கக் கொடுத்திருக்கிறார்.

நான் மட்டும் நன்றாக இருந்தேன். காய்ச்சல் கதையைச் சொல்லிச் சொல்லி அது எனக்கே நினைவு மாதிரி ஆகிவிட்டது. பத்து நாள் முன்பு இந்த வருடக் கோடைக்கு முதல் எண் எழுத வேண்டிய நாள். எல்லோரும் ஐஸ் கொட்டகையில் கூடி, இனிமேல் அண்ணன் கையில் சுண்ணாம்புக் கட்டியைக் கொடுக்கக் கூடாது, பார்க்கிறவனே எழுதட்டும் என்று முடிவு பண்ணி அதை என் கையில் கொடுத்தார்கள். நெட்டையன் என் தோளில் கையைப் போட்டு, "அன்னைக்கு நீ மட்டும் எழுந்து போயிருந்தா அவன் செத்திருக்க மாட்டான்" என்றான், பாராட்டாகச் சொன்னான். உன் அப்பா கொஞ்சம் தள்ளி வலைக் கொட்டகையில் அதே ஸ்டூலில் உட்கார்ந்து யாருடைய வலையிலோ பாசி எடுத்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. அன்று எண் எழுதவில்லை. சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்துவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன், போகாமல் போர்வைக்குள் கிடந்தது நான், பதினொன்று என்று சொன்னது நான், அண்ணன் என்னை நம்பி எழுதினார் என்று. என்ன ஆயிற்று தெரியுமா. ஒருவரும் நம்பவில்லை. ஐஸ்காரர், "அண்ணனுக்காகக் கட்டினியா? ஆனா போன வருஷம் சொன்ன காய்ச்சல் கதை இதைவிட நல்லா இருந்துச்சுப்பா" என்றார். நெட்டையன், "கூடப்பிறந்த பாசம்னா இதுதான்யா, எங்க வீட்லயும் ஒருத்தன் இருக்கானே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். நான் சத்தியம் பண்ணினேன், அதற்கும் சிரித்தார்கள், என் சத்தியத்துக்கு அந்தத் துறையில் அவ்வளவு மதிப்பு. கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன் என்று எழுத நினைத்தேன், அழவில்லை, டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தார். நிறுத்தாமல் மடித்துக்கொண்டே முழுவதும் கேட்டுவிட்டு, "எதுக்குப் பதினொன்னு? ஒன்பதுன்னே சொல்லியிருக்கலாமே" என்றார். ஒன்பது என்றால் போகவில்லை என்று தெரிந்துவிடும் என்றுதான் இரண்டைச் சேர்த்தேன் என்றேன். இன்னும் இரண்டு துணி மடித்தார். "தம்பி, நீ எத்தனையோ கதை சொல்லியிருக்கே. எல்லாத்துலயும் நீதான் பெரிய ஆளு. இவ்வளவு சின்ன ஆளா நீ வர்ற கதையை இப்பத்தான் கேக்கறேன்" என்றார். நம்பிவிட்டார் என்று அதில்தான் தெரிந்தது. கடைசித் துணியையும் மடித்து வைத்துவிட்டு, என்னைப் பார்த்துக்கூட அல்ல, "ரெண்டு பாகத்துக்கா என் தம்பி போனான்" என்றார்.

அப்படியே எழுந்து வலைக் கொட்டகைக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன். உன் அப்பாவுக்கு எதிரில் நின்று, "ஒரு வருஷமா உங்ககூட நான் பேசல. அப்பவாவது சொல்லியிருக்கக் கூடாதா" என்று கேட்டார். உன் அப்பா வலையைக் கீழே வைக்கவில்லை. "வலையோட வான்னு சொன்னது நான்தானே. இவன் ரெண்டு சேர்த்தான், நானும் என் பங்குக்கு ஒன்னு சேர்த்தேன். அதுக்கு எவ்வளவு நாள் பேசாம இருக்கணும்னு உனக்குத் தோணுதோ இருந்துக்கோன்னு விட்டுட்டேன்" என்றார். என்னைக் காட்டி, "இவன்கிட்ட இருக்கிறது வாய் ஒன்னுதான். துறையில அதையும் பிடுங்கிட்டா எதை வச்சுப் பிழைப்பான்" என்றார். உன் அம்மா பக்கத்தில் கிடந்த மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். வலையின் இன்னொரு முனையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு பாசி எடுக்க ஆரம்பித்தார். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை, சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று உனக்கு எழுத எனக்கு ஆசைதான், ஆகவில்லை. ஆனால் இப்போது தட்டை வைத்துவிட்டு அங்கேயே நிற்கிறார். நான் உனக்கு எழுதப் போகிறேன் என்று உன் அப்பாவிடம் சொன்னபோதுதான் அவருக்குக் கோபம் வந்தது. "அவகிட்ட சொல்லாதே. மாமா போயிட்டான், அப்பன் மேல வெறுப்பு, சித்தப்பா ஒருத்தனாவது அவளுக்கு மிச்சம் இருக்கட்டும்" என்றார். அவர் பேச்சை நான் மீறியது இல்லை. இப்போது மீறுகிறேன்.

துறையில் இனி நான் எண் சொல்வதில்லை. கதவை ஈரத் துணியால் துடைத்துவிட்டேன், படகுக்கு ஒரு பாட்டிலைக் கட்டிக் கொடுத்து அவரவர் தண்ணீரை அவரவரே தொட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டேன், தப்பும் தவறுமாக ஆளுக்கொரு எண்ணைச் சொல்லிச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். மீன் கிடைப்பதில்லை. கிழக்கு மூலைக்கு யாரும் போவதில்லை, அந்த வலை இன்னும் அங்கேதான் மரத்தில் மாட்டியிருக்கிறது, எடுக்க ஒருவனுக்கும் மனம் வரவில்லை.

நீயும் இதை நம்பாமல் போகலாம், அப்பாவைக் காப்பாற்ற இந்த மனிதன் ஏதோ கட்டுகிறான் என்று நினைக்கலாம், அப்படி நினைக்கிற உரிமையை உனக்குக் கொடுத்தவன் நானே. அப்படித் தோன்றினால் அம்மாவைக் கேள். அவர் கூட்டிச் சொல்ல மாட்டார். நம்பினால் ஒன்று செய். வெள்ளிக்கிழமை அப்பா போன் போடும்போது எடு. மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அவர் கூச்சப்பட்டு வைத்துவிடுவார், சட்டை தைத்தாயிற்றா என்று மட்டும் கேள். இருபதாம் தேதிக்கு அவரையும் அம்மாவையும் முந்தின நாள் பஸ்ஸில் நான் ஏற்றிவிடுகிறேன், ஜன்னல் ஓரம் உட்கார வை என்று அம்மாவிடம் சொல்லு, அப்பாவுக்கு வாந்தி வரும். சாட்சிக் கையெழுத்து வேண்டுமென்றால் அவரிடம் வாங்கு, அவர் எழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று உனக்கே தெரியும். நான் வரப் போவதில்லை. என்னை அழைக்கவில்லையே என்று வருத்தப்பட மாட்டேன், அழைத்தாலும் வர மாட்டேன், அதனால் அந்தச் சங்கடம் உனக்கு வேண்டாம்.

கட்டிக்கொள்கிறவரோடு நீ நீண்ட நாள் நிறைவாக வாழ வேண்டும், உன் வீட்டில் யாரும் யாரோடும் ஒரு நாள்கூடப் பேசாமல் படுக்கக் கூடாது, இதுதான் என் ஆசீர்வாதம், வேறு பெரிதாகச் சொல்ல என்னிடம் இல்லை. மறக்காமல் மூக்குக்குத் துணி கட்டிக்கொள். வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணி, அப்பா அப்போதுதான் போட்டுப் பார்ப்பார், அந்த நேரத்தில் வேலையில் கையை வைக்காதே. இந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதில் எழுத வேண்டாம். என்றைக்காவது எழுத உனக்குக் கை வந்தால் எழுது, வராமலே போனாலும் உன்னை நான் குறையாக நினைக்க மாட்டேன், உன் கல்யாணத்தைப் பற்றி இங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருப்பேன், பார்த்த மாதிரியே சொல்வேன்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா